சொந்த இணைய முகவரியே அடையாளம்: உங்கள் தளத்தில் இண்டிஆத் லாகின் அமைக்க முழுமையான வழிகாட்டி

வேலூர்க் கோட்டையிலும் சுற்றுவட்டாரக் கோயில்களிலும் இருக்கும் கல்வெட்டுகளைப் படமெடுத்து, வாசித்து, குறிப்பு எழுதிச் சேர்க்கும் ஒரு தளம் என்று வைத்துக்கொள்வோம். காட்பாடியிலிருந்து இருவர், குடியாத்தத்திலிருந்து ஒருவர், ஆரணி, வாலாஜா, ஆம்பூர் என்று முப்பது நாற்பது பேர் எழுதுகிறார்கள். எந்தக் குறிப்பு யாருடையது என்று தெரிய வேண்டும். ஒருவர் எழுதியதை இன்னொருவர் திருத்திவிடக் கூடாது. ஆகவே லாகின் வேண்டும்.

பாஸ்வேர்டு வைத்தால் அதைக் காக்கும் பொறுப்பு உங்கள் தலையில். செல்பேசிக்கு ஓடிபி அனுப்பலாம் என்றால், தொலைத்தொடர்பு ஆணையமான டிராயின் விதிப்படி, குறுஞ்செய்தி அனுப்புவோருக்கான டிஎல்டி தளத்தில் பதிவு செய்ய வேண்டும், ஒவ்வொரு குறுஞ்செய்திக்கும் காசு கொடுக்க வேண்டும். அதோடு முப்பது பேரின் கைபேசி எண்களையும் காலமெல்லாம் பத்திரப்படுத்த வேண்டும். பெரிய நிறுவனம் ஒன்றின் கணக்கால் நுழையச் சொன்னால் அமைப்பது சுலபம். ஆனால் அந்தக் கணக்கு ஒருநாள் முடக்கப்பட்டால், பத்து வருடம் எழுதியவர் தன் எழுத்துக்கே அந்நியராகிவிடுவார்.

நான்காவதாக ஒரு வழி உண்டு. எழுதுபவருக்குச் சொந்தமாக ஒரு டொமைன் இருந்தால், அந்த முகவரியையே அவருடைய அடையாளமாக ஏற்றுக்கொள்வது. அதற்கான நெறிமுறைதான் இண்டிஆத். இது, ஒரு தளத்துக்கு இன்னொரு தளம் வழியாக அனுமதி தரும் ஓஆத் 2.0 நெறிமுறையின் மேல் கட்டப்பட்டது. ஆரன் பரெக்கி தொகுத்ததை, இணையத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பு 2018 ஜனவரியில் ஒரு குறிப்பு ஆவணமாக வெளியிட்டது. அதன் பிறகும், சொந்தத் தளங்களை வளர்க்கும் இண்டிவெப் சமூகம் அதைத் திருத்திக்கொண்டே வருகிறது. முகவரியால் நுழைவது என்ற யோசனை 2005-லேயே ஓப்பன்ஐடி வழியாக வந்ததுதான். அதன் சிக்கல்களை நீக்கி எளிமையாக்கியது இண்டிஆத்.

பிஎச்பி தளத்தில் இதை அமைக்க இண்டிஆத் கிளையண்ட் என்ற லைப்ரரி இருக்கிறது. அது பெரும்பாலான வேலையைச் செய்துவிடும். அது செய்யாத சில வேலைகள் உங்களுடையவை, லாகின் உடைவதும் ஏமாற்றப்படுவதும் பெரும்பாலும் அங்கேதான். இந்த வழிகாட்டி அவற்றில்தான் அதிக நேரம் நிற்கும்.

ஒரு சொல். பாராமீட்டர் பெயர்களை இங்கே ஒலித்தபடி தமிழில் எழுதியிருக்கிறோம். நிரலில் அடிக்கும்போது எல்லாம் சிறிய எழுத்து, இரு சொற்களுக்கு நடுவே அண்டர்ஸ்கோர். இண்டிஆத்-மெட்டாடேட்டா என்ற பெயரில் மட்டும் அண்டர்ஸ்கோருக்குப் பதில் சிறு கோடு.

உள்ளே என்ன நடக்கிறது

ஊருக்குப் புதிதாக ஒருவர் வந்து "நான் இன்னார் வீட்டுப் பிள்ளை" என்றால், அவர் சொன்னதை அப்படியே நம்பாமல் அந்த வீட்டில் போய் விசாரிப்போம் இல்லையா? இண்டிஆத் அதைத்தான் செய்கிறது.

பயனர் உங்கள் தளத்தில் தன் முகவரியை அடிக்கிறார். உங்கள் சர்வர் அந்த முகவரிக்குப் போய்ப் பக்கத்தை வாங்கி, "என்னைப் பற்றி விசாரிக்க இந்த இடத்துக்குப் போ" என்று அங்கே எழுதியிருக்கும் இணைப்பைத் தேடுகிறது. பிறகு பயனரின் பிரவுசரை அந்த இடத்துக்கு அனுப்பிவைக்கிறது. அங்கே அவர் தன் வழியில் தன்னை நிரூபிக்கிறார். அது பாஸ்வேர்டோ பாஸ்கீயோ வேறெதுவோ, உங்களுக்குத் தெரிய வேண்டியதில்லை. "சரி, அனுமதி" என்று அவர் அழுத்தியதும் ஒரு தற்காலிகக் கோடுடன் (ஒருமுறை மட்டும் செல்லும் எழுத்துக்கோவை) பிரவுசர் உங்களிடம் திரும்புகிறது. உங்கள் சர்வர் அந்தக் கோடை நேரடியாக அந்த இடத்திடம் கொடுத்து, "இது யாருடையது?" என்று கேட்கிறது. பதிலில் "மீ" என்ற பெயரில் ஒரு முகவரி வரும். அதுதான் ஆள்.

படி 1: எழுதுபவர் தன் முகவரியைத் தயார் செய்வது

உங்கள் தளம் எவ்வளவு நன்றாக இருந்தாலும், எழுதுபவரின் பக்கத்தில் இணைப்பு இல்லையென்றால் ஒன்றும் நடக்காது. ஆகவே முதலில் அவர்கள் பக்கத்து வேலை.

வேர்ட்பிரஸ் தளம் வைத்திருப்பவர்களுக்கு இது எளிது. இண்டிஆத் என்ற பெயரிலேயே ஒரு பிளக்இன் இருக்கிறது. அதை நிறுவி இயக்கினால் தேவையான இணைப்புகளை அதுவே பக்கத்தில் சேர்த்துவிடும். தளம் எச்டிடிபிஎஸ்-இல் இருக்க வேண்டும் என்பது மட்டும் கட்டாயம்.

கையால் எழுதிய எச்டிஎம்எல் பக்கம் என்றால், ஹெட் பகுதிக்குள் ஒரு லிங்க் டேக் சேர்க்க வேண்டும். அதன் ரெல் மதிப்பு இண்டிஆத்-மெட்டாடேட்டா, எச்ரெஃப் மதிப்பு அவருடைய ஆத் சர்வரின் (மேலே சொன்ன விசாரிக்கும் இடம்) மெட்டாடேட்டா முகவரி. அங்கே ஒரு ஜேசன் ஆவணம் இருக்கும்: இஷ்யூயர் (அந்த சர்வரின் அடையாள முகவரி), ஆதரைசேஷன் எண்ட்பாயிண்ட் (அனுமதி கேட்கும் முகவரி), டோக்கன் எண்ட்பாயிண்ட் (அனுமதிச் சீட்டான டோக்கனைத் தரும் முகவரி) முதலியவை அதில். பழைய முறையில் ரெல் மதிப்பாக ஆதரைசேஷன் எண்ட்பாயிண்ட் என்று நேராகவே பக்கத்தில் எழுதுவார்கள். அதையும் லைப்ரரி புரிந்துகொள்ளும். டேக் போட முடியாத இடத்தில் எச்டிடிபி லிங்க் ஹெட்டராக அனுப்பினாலும் செல்லும்.

டொமைன் பெயர் தேர்ந்தெடுப்பவர்களுக்கு ஒரு ஆலோசனை. அமைப்பின் பெயரையோ மாவட்டத்தின் பெயரையோ அதில் சேர்க்காதீர்கள். வட ஆற்காடு மாவட்டம் 1989-இல் பிரிந்தது. 2019-இல் வேலூர் மூன்றாகி ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் தனி மாவட்டங்களாயின. மாவட்டம் மாறியதற்காக அடையாளத்தை மாற்ற முடியாது. நிலைக்கும் பெயராக வையுங்கள். இன்னொன்று, நம் ஊர்ப் பெயர்களை ஆங்கில எழுத்தில் இரண்டு மூன்று விதமாக எழுதுவார்கள். ஆரணியையும் குடியாத்தத்தையும் எத்தனை விதமாக எழுதிப் பார்த்திருப்பீர்கள்! டொமைனில் அப்படி ஒரு சொல் இருந்தால், அடிக்கும்போது தவறு நடந்துகொண்டே இருக்கும்.

வீட்டிலேயே ராஸ்பெர்ரி பையில் தளம் ஓட்டுபவர்களும் உண்டு. அடையாளப் பக்கத்துக்கு அது ஏற்றதில்லை என்பது எங்கள் கருத்து. பல வீட்டு இணைப்புகளில் பொது ஐபி முகவரி கிடைப்பதில்லை, பலர் ஒரே முகவரியைப் பகிரும் சிஜிநாட் அமைப்பின் பின்னால்தான் இருப்போம். பழைய பை போர்டுகளில் கடிகாரத்துக்கு பேட்டரி கிடையாது. மின்வெட்டுக்குப் பிறகு எழும்போது நேரம் மிகவும் பின்தங்கியிருந்தால், அது வெளியே செய்யும் பாதுகாப்பான இணைப்புகள் "சான்றிதழ் இன்னும் செல்லுபடியாகவில்லை" என்று தோற்கும். அக்னி நட்சத்திரத்தில் மூடிய அறைக்குள் சிப்பின் வெப்பம் 80 டிகிரியைத் தொட்டால் அது தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். பரிசோதனைக்கு வீடு போதும். அடையாளப் பக்கம் மட்டும் ஒரு மலிவான ஹோஸ்டிங்கில் இருக்கட்டும்.

இணைப்பு சரியாக இருக்கிறதா என்று பார்க்க பிரவுசரை நம்பாதீர்கள். டெர்மினலில் கர்ல் கட்டளையை, ஹெட்டர்களைக் காட்டும் சிறிய எழுத்து ஐ கொடியோடும், திருப்பிவிடல்களைப் பின்தொடரும் பெரிய எழுத்து எல் கொடியோடும் ஓட்டுங்கள். உங்கள் லைப்ரரி பார்ப்பது அதில் வரும் உரையைத்தான். ரியாக்ட் போன்றவற்றால் ஜாவாஸ்கிரிப்ட் ஓடிய பிறகு சேரும் டேக் அதில் இருக்காது. ஆகவே லைப்ரரிக்கும் தெரியாது.

படி 2: லைப்ரரியை நிறுவுவது

தளத்தின் வேர்க் கோப்புறையில் நின்று, காம்போசர் ரெக்வயர் என்று அடித்து, இண்டிஆத் சாய்கோடு கிளையண்ட் என்ற தொகுப்பின் பெயரைக் கொடுங்கள். துணைத் தொகுப்புகளையும் காம்போசரே கொண்டுவந்துவிடும். பிஎச்பியில் கர்ல் நீட்சி இயங்க வேண்டும். தமிழ் டொமைன்களுக்காக இண்டல் நீட்சியும் கட்டாயம் வேண்டும். அதற்குப் பிறகு வருகிறோம்.

லைப்ரரிக்கு இரண்டு முகவரிகளைச் சொல்ல வேண்டும். ஒன்று கிளையண்ட் ஐடி, உங்கள் தளத்தின் முகவரி. இன்னொன்று ரீடைரக்ட் யுஆர்எல், பயனர் திரும்பி வரும் பக்கம். இண்டிஆத்தில் கிளையண்ட்டைப் பதிவு செய்யும் வழக்கமே இல்லை, உங்கள் முகவரியே உங்கள் பெயர். 2024 திருத்தத்துக்குப் பிறகு கிளையண்ட் ஐடி முகவரியில் ஒரு ஜேசன் ஆவணம் வைப்பதே சிறந்த முறை. கிளையண்ட் ஐடி, கிளையண்ட் நேம், கிளையண்ட் யுஆர்ஐ, லோகோ யுஆர்ஐ, ரீடைரக்ட் யுஆர்ஐஸ் ஆகியவை அதில் இருக்கட்டும். அனுமதி கேட்கும் திரையில் "வேலூர்க் கல்வெட்டுகள்" என்று உங்கள் பெயர் தெரிவது அதனால்தான். பெயர் இல்லாமல் வெறும் முகவரியைப் பார்த்தால் பயனர்கள் தயங்குவார்கள்.

கிளையண்ட் ஐடியும் ரீடைரக்ட் முகவரியும் ஒரே ஹோஸ்டில் இருக்கட்டும். முகவரியின் முன்னால் டபிள்யூ மூன்றோடு (www) ஒன்றும், இல்லாமல் ஒன்றும் கொடுத்தால் சில சர்வர்கள் மறுத்துவிடும். சொந்தக் கணினியில் சோதிக்கும்போது 127.0.0.1 என்றே இரண்டிலும் எழுதுங்கள். ஒன்றில் லோக்கல்ஹோஸ்ட், இன்னொன்றில் எண் என்று கலந்தால் குக்கீ வேறு வேறாகிவிடும்.

படி 3: தொடக்கப் பக்கம்

ஒரு ஃபார்ம், ஒரு பெட்டி, ஒரு பட்டன். பெட்டியின் வகையை டெக்ஸ்ட் என்றே விட்டு, இன்புட்மோடை யுஆர்எல் என்று வைத்தால் கைபேசியில் அதற்கேற்ற கீபோர்டு வரும். பலர் எச்டிடிபிஎஸ் இல்லாமல் பெயரை மட்டும் அடிப்பார்கள். அதைத் தவறு என்று சொல்லாமல் நீங்களே முன்னால் எச்டிடிபிஎஸ் சேர்த்து அனுப்புங்கள். லைப்ரரியிடமே விட்டால் அது வெறும் எச்டிடிபி சேர்க்கும்.

ஃபார்மை வாங்கும் நிரலில் வரிசை முக்கியம். முதலில் செஷனை (ஒரு பயனரின் தகவலைப் பக்கத்துக்குப் பக்கம் சர்வர் நினைவில் வைக்கும் இடம்) தொடங்குங்கள். பிறகு கிளையண்ட் ஐடி, ரீடைரக்ட் முகவரி இரண்டையும் நிரப்புங்கள். அடுத்து பிகின் என்ற ஃபங்ஷனுக்குப் பயனரின் முகவரியைக் கொடுங்கள். வெறும் லாகின் என்றால் ஸ்கோப் (கேட்கும் அனுமதியின் எல்லை) வேண்டாம். வெளியிலிருந்து பதிவிடும் நெறிமுறையான மைக்ரோபப் வழியாக அவர் தளத்தில் பதிவிடவும் அனுமதி வேண்டுமென்றால் மட்டும் கிரியேட் என்ற ஸ்கோப் கேளுங்கள். தேவைக்கு மேல் கேட்காதீர்கள்.

பிகின் இரண்டு மதிப்புகளைத் திருப்பும்: போக வேண்டிய முகவரி, அல்லது பிழை. பிழை இருந்தால் விளக்கத்தைக் காட்டுங்கள். இல்லையென்றால் லொகேஷன் ஹெட்டரால் அனுப்பிவிட்டு, அந்த இடத்திலேயே ஸ்கிரிப்டை முடியுங்கள்.

இதற்கிடையில் லைப்ரரி மூன்று காரியம் செய்திருக்கும். பயனரின் பக்கத்தை வாங்கி விசாரிக்கும் இடத்தைக் கண்டுபிடித்தது. திரும்பி வருபவர் இங்கே தொடங்கியவர்தானா என்று பார்க்க, ஸ்டேட் என்ற தற்செயல் எழுத்துக்கோவையை உண்டாக்கி செஷனில் வைத்தது. கோடை வேறொருவர் திருடிப் பயன்படுத்துவதைத் தடுக்கும் பிகேசிஇ முறைக்கான கோட் வெரிஃபையரை உண்டாக்கி, அதையும் செஷனில் வைத்து, அதன் சாரத்தை மட்டும் முகவரியில் அனுப்பியது.

பிகேசிஇ-யைச் சற்று நெருங்கிப் பார்க்கலாம், ஏனென்றால் சொந்தமாக எழுதிப் பார்ப்பவர்கள் தடுக்கிவிழும் இடம் இது. ஆர்எஃப்சி 7636 படி வெரிஃபையர் 43 முதல் 128 எழுத்துகள். வழக்கமாக 32 தற்செயல் பைட்டுகளை எடுத்து, யுஆர்எல்-க்கு ஏற்ற பேஸ்64-ஆக மாற்றினால் 43 எழுத்து வரும். அந்த 43 எழுத்துகளுக்கு ஷா-256 கணக்கிட்டால் மறுபடி 32 பைட், அதையும் பேஸ்64 ஆக்கினால் மறுபடி 43. அதுதான் கோட் சேலஞ்ச். உங்கள் சேலஞ்ச் 43 எழுத்துகளாக இல்லையென்றால் தவறு. 44 என்றால் கடைசியில் சமக்குறியை வெட்ட மறந்திருக்கிறீர்கள். 86 என்றால் ஷா-256-இன் 64 எழுத்து ஹெக்ஸ் வடிவத்தை பேஸ்64 ஆக்கியிருக்கிறீர்கள். பிஎச்பியின் ஹாஷ் ஃபங்ஷனுக்கு மூன்றாவது மதிப்பாக ட்ரூ கொடுக்காவிட்டால் இதுதான் நடக்கும். நடுவில் கூட்டல் குறியோ சாய்கோடோ வந்தால், அவற்றை முறையே சிறு கோடாகவும் அண்டர்ஸ்கோராகவும் மாற்றவில்லை என்று பொருள்.

படி 4: திரும்பி வரும் பக்கம்

இங்கேயும் முதல் வேலை செஷனைத் தொடங்குவதுதான். கிளையண்ட் ஐடியையும் ரீடைரக்ட் முகவரியையும் மறுபடி நிரப்புங்கள், ஒரு எழுத்துகூட மாறக் கூடாது. பிறகு கம்ப்ளீட் ஃபங்ஷனுக்கு முகவரியில் வந்த கெட் மதிப்புகளை அப்படியே கொடுங்கள். அது ஸ்டேட் பொருந்துகிறதா என்று பார்த்து, சர்வர் ஐஎஸ்எஸ் என்ற பெயரில் தன் முகவரியை அனுப்பியிருந்தால் மெட்டாடேட்டாவில் உள்ள இஷ்யூயரோடு ஒப்பிட்டு, கோடையும் வெரிஃபையரையும் கொடுத்து மீ-யை வாங்கித் தரும்.

பிழை இல்லையென்றால் உடனே செஷன் ஐடியைப் புதிதாக்குங்கள், பழையதை அழிக்கவும் சொல்லுங்கள். பிறகு மீ-யை செஷனில் வைத்து, வேறு பக்கத்துக்கு அனுப்பிவிடுங்கள். திரும்பும் பக்கத்திலேயே "வருக" என்று காட்டினால், பயனர் ரெஃப்ரெஷ் செய்யும்போது பயன்படுத்திய கோடையே மறுபடி கொடுக்கப் பார்க்கும். கோடு ஒருமுறைக்குத்தான் செல்லும், அதன் ஆயுள் அதிகபட்சம் பத்து நிமிடம் என்பது ஓஆத் பரிந்துரை. ஆகவே பிழை வரும்.

செஷன் குக்கீயின் சேம்சைட் மதிப்பை லாக்ஸ் என்று வையுங்கள். கடுமையாக இருப்பதே பாதுகாப்பு என்று ஸ்ட்ரிக்ட் வைப்பவர்கள் உண்டு. பயனர் இன்னொரு தளத்திலிருந்து திருப்பிவிடப்பட்டு வருகிறார் அல்லவா, ஸ்ட்ரிக்ட் என்றால் அந்தக் கோரிக்கையோடு குக்கீ வராது. செஷன் காலியாக இருக்கும், ஸ்டேட் பொருந்தாது. செக்யூர், எச்டிடிபிஒன்லி இரண்டும் இருக்கட்டும்.

படி 5: வந்த மீ உண்மையானதுதானா?

பாதுகாப்பின் உயிர்நாடி இதுதான். பயனர் அடித்த முகவரியும் திரும்பி வரும் மீ-யும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. டொமைனை மட்டும் அடித்தவருக்கு, பல பேர் எழுதும் தளமென்றால், அவருடைய தனிப்பக்க முகவரி வரலாம். அது சரிதான்.

ஆனால் இப்படி நினைத்துப் பாருங்கள். ஒருவர் தன் சொந்த டொமைனை அடிக்கிறார். அந்தப் பக்கம் அவரே எழுதிய ஆத் சர்வரைக் காட்டுகிறது. அந்த சர்வர் பதிலில் தன் முகவரிக்குப் பதிலாக உங்கள் தள நிர்வாகியின் முகவரியை மீ என்று போட்டுக் கொடுக்கிறது. ஸ்டேட் சரி, கோடு சரி, பிகேசிஇ சரி. அப்படியே நம்பினால் அவர் நிர்வாகியாக நுழைந்துவிடுவார்.

இதற்கு மருந்து, வந்த மீ முகவரிக்கு மறுபடி போய் விசாரிப்பது. அந்தப் பக்கம் காட்டும் ஆதரைசேஷன் எண்ட்பாயிண்ட்டும், நீங்கள் பயனரை அனுப்பிய ஆதரைசேஷன் எண்ட்பாயிண்ட்டும் ஒன்றாக இருந்தால் மட்டும் ஏற்க வேண்டும். கம்ப்ளீட் இதைச் செய்கிறது. வேறு மொழியில் சொந்தமாக எழுதுபவர்கள் விட்டுவிடுவதும் இதைத்தான். லைப்ரரியை நம்பினாலும் ஒரு சோதனை எழுதிவையுங்கள்: பத்து வரியில் ஒரு பொய்யான ஆத் சர்வர், எப்போதும் இன்னொருவர் முகவரியையே மீ என்று தரும்படி. உங்கள் தளம் அதை மறுக்க வேண்டும். லைப்ரரியைப் புதுப்பிக்கும்போதெல்லாம் இந்தச் சோதனையை ஓட்டுங்கள்.

ப்ரொஃபைல் ஸ்கோப் கேட்டால் பெயர், படம், முகவரி வரும். ஈமெயில் ஸ்கோப் கேட்டால் மின்னஞ்சலும் வரலாம். எல்லாம் அவர் சொல்லும் தகவல்தான், சான்று இல்லை. மின்னஞ்சல் ஒத்துப்போகிறது என்பதற்காகப் பழைய கணக்கோடு இணைத்துவிடாதீர்கள். பெயரைத் திரையில் காட்டும் முன் எச்டிஎம்எல் எழுத்துகளைச் செயலிழக்கச் செய்யுங்கள்.

தமிழ் முகவரிகள்

புள்ளி இந்தியா என்று தமிழிலேயே முடியும் டொமைன் வைத்திருப்பவர்களை உங்கள் தளம் வரவேற்க வேண்டும். நம் தளத்திலேயே தமிழ் முகவரி வேலை செய்யாவிட்டால் வேறெங்கே வேலை செய்யும்?

டிஎன்எஸ் தமிழ் எழுத்தை அறியாது. ஒவ்வொரு தமிழ்ப் பகுதியும் எக்ஸ், என், இரண்டு சிறு கோடுகள் என்று தொடங்கும் பியூனிகோடாக மாற வேண்டும். இண்டல் நீட்சியில் ஐடிஎன் டு ஆஸ்கி என்ற ஃபங்ஷன் இருக்கிறது. யூனிகோடின் டொமைன் மாற்று விதியான யூடிஎஸ்46 முறையில் அதை ஓட்டி, ஹோஸ்ட் பகுதியை மாற்றிய பிறகே பிகினுக்குக் கொடுங்கள்.

இது ஏன் அவ்வளவு முக்கியம் என்று ஒரே ஒரு சொல்லில் பார்க்கலாம்: கோட்டை. இதில் "கோ" எழுத்தை யூனிகோடில் இரண்டு விதமாகச் சேமிக்க முடியும். ககரமும் ஓகார உயிர்க்குறியும் என்று இரண்டு குறியீடுகளாக ஒரு விதம். ககரம், ஏகாரக் கொம்பு, துணைக்கால் என்று மூன்று குறியீடுகளாக இன்னொரு விதம். திரையில் இரண்டும் ஒரே "கோ". பழைய எழுத்துருவிலிருந்து மாற்றிய உரையில் இரண்டாவது விதம் வரலாம். நேராக ஒப்பிட்டால் கணினிக்கு இரண்டும் வேறு வேறு சொற்கள். முன்னதில் "கோட்டை" ஆறு குறியீடு, பின்னதில் ஏழு. யூடிஎஸ்46 முதலில் இரண்டையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவந்துவிடுவதால் ஹோஸ்டில் சிக்கல் தீரும். ஆனால் "ஔ" என்ற ஒரே எழுத்தையும், ஒகரத்தின் பக்கத்தில் ளகரம் வைத்து அடித்த "ஒள"-வையும் எந்த முறையும் ஒன்றாக்காது. அவை உண்மையிலேயே வேறு. அந்த எழுத்தில் தொடங்கும் டொமைன் வைத்திருப்பவருக்கு "முகவரி கிடைக்கவில்லை" என்று வந்தால், முதலில் இதைப் பாருங்கள்.

ஹோஸ்டுக்குப் பின்னால் வரும் பாதைப் பகுதியை நீங்கள் மாற்றாதீர்கள். அதன் சரியான வடிவம் எது என்று முடிவு செய்வது அந்த சர்வர். மீ-யில் எப்படி வருகிறதோ அப்படியே வையுங்கள். பாதை தமிழில் இருந்தால் சதவீதக் குறியீடாக நீளும். ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் மூன்று பைட், ஒவ்வொரு பைட்டும் மூன்று எழுத்து. "வேலூர்" என்ற ஒரு சொல்லே 54 எழுத்தாகிவிடும்.

படி 6: டேட்டாபேஸில் சேமிப்பது

மீ-தான் பயனரின் அடையாளம். அதை வைக்கும் நெடுவரிசை நீளமாக இருக்கட்டும், 255 போதாது. மேலே சொன்ன கணக்குப்படி நான்கைந்து தமிழ்ச் சொல் உள்ள பாதையே அதைத் தாண்டும். 700 வைக்கலாம். மைஎஸ்கியூஎல் வெட்டிச் சேமிக்கும் முறையில் இருந்தால், நீள முகவரிகள் இரண்டு ஒரே கணக்காகும் ஆபத்து உண்டு. ஸ்ட்ரிக்ட் முறையை இயக்குங்கள்.

அதைவிடப் பெரிய ஆபத்து கொலேஷன், அதாவது டேட்டாபேஸ் எழுத்துகளை ஒப்பிடும் விதி. யூடிஎஃப்8எம்பி4-இன் வழக்கமான கொலேஷன்கள் பெரிய எழுத்து, சிறிய எழுத்து வேறுபாடு பார்ப்பதில்லை. ஆனால் முகவரியின் பாதையில் அந்த வேறுபாடு உண்டு. ஒரு பொதுத் தளத்தில் பெரிய எழுத்தில் தொடங்கும் பெயர் ஒருவருடையது, சிறிய எழுத்தில் தொடங்கும் அதே பெயர் இன்னொருவருடையது என்றால், இருவருக்கும் உங்கள் தளத்தில் ஒரே கணக்கு திறக்கும். இந்த நெடுவரிசைக்கு மட்டும் ஆஸ்கி பின் என்ற கொலேஷன் கொடுங்கள். ஹோஸ்ட் பியூனிகோடிலும் பாதை சதவீதக் குறியீட்டிலும் இருப்பதால் ஆஸ்கியே போதும். சதவீதக் குறியீடாக இல்லாமல் தமிழிலேயே வரும் மீ-யை, சேமிக்கும் முன் குறியீடாக மாற்றுங்கள். திரையில் காட்டத் தமிழ் வடிவத்தைத் தனியாக வையுங்கள்.

படி 7: உங்கள் சர்வரைக் காப்பது

யாரோ அடிக்கும் முகவரிக்கு உங்கள் சர்வர் போய்வருகிறது. இது சாதாரண விஷயமில்லை. 127.0.0.1, 10-இல் தொடங்குபவை, 172.16 முதல் 172.31 வரை, 192.168-இல் தொடங்குபவை, கிளவுட் சர்வர்களின் உள் தகவல் தரும் 169.254.169.254 ஆகியவற்றுக்கு உங்கள் சர்வரையே தூதாக அனுப்பப் பார்ப்பார்கள். இண்டிஆத் விதிப்படி பயனர் முகவரியில் ஐபி எண், போர்ட், பயனர்பெயர், ஹேஷ் பகுதி எதுவும் இருக்கக் கூடாது. முதல் வடிகட்டலாக அதைச் செய்யுங்கள். அது மட்டும் போதாது, ஏனென்றால் ஒரு சாதாரண டொமைனே உள் ஐபியைக் காட்டலாம், திருப்பிவிடலும் அங்கே கொண்டுபோகலாம். நிச்சயமான வழி சர்வரின் ஃபயர்வாலில் வெப் பிராசஸ் அந்த உள் முகவரிகளுக்கு வெளியேற முடியாமல் தடுப்பது. டிஎன்எஸ், டேட்டாபேஸ் போன்று உண்மையில் தேவைப்படும் உள் முகவரிகளுக்கு மட்டும் விலக்கு கொடுங்கள்.

காத்திருப்பு 8 விநாடி, திருப்பிவிடல் 5, பக்கத்தின் அளவு 1 எம்பி என்று எல்லை வையுங்கள். காத்திருப்பை 2 விநாடியாகக் குறைத்துவிடாதீர்கள். மலிவான ஹோஸ்டிங்கில் உள்ள வேர்ட்பிரஸ் பக்கம் முதல்முறை எழுந்து பதில் சொல்ல நான்கைந்து விநாடி பிடிப்பது வழக்கம்.

உடையும் இடங்கள்

"மிஸ்ஸிங் ஆதரைசேஷன் எண்ட்பாயிண்ட்" என்று வந்தால் பயனரின் பக்கத்தில் இணைப்பு கிடைக்கவில்லை. அவருக்கு பிரவுசரில் தெரிகிறது என்பார். பெரும்பாலும் கேஷ் பிளக்இன் பழைய பக்கத்தையே கொடுத்துக்கொண்டிருக்கும், கேஷை அழிக்கச் சொல்லுங்கள். அதுவும் இல்லையென்றால் அவருடைய தளத்தின் பாட் தடுப்பு உங்கள் சர்வருக்கு 403 கொடுக்கிறது. உங்கள் கோரிக்கைக்குத் தளத்தின் பெயரும் முகவரியும் உள்ள யூசர்-ஏஜெண்ட் கொடுத்து, அதை அனுமதிக்கச் சொல்லுங்கள்.

"இன்வேலிட் ஸ்டேட்" வந்தால் பயனர் தொடங்கிய செஷனும் திரும்பிய செஷனும் வேறு. டபிள்யூ மூன்றோடு தொடங்கி, இல்லாமல் திரும்பியிருக்கலாம். சர்வரில் ஒரே வடிவத்துக்குத் திருப்பிவிடுங்கள். இரண்டு டேபில் ஒரே நேரத்தில் லாகின் தொடங்கினால் முதல் டேபின் ஸ்டேட் அழிந்துவிடும். கைபேசியில் அடிக்கடி நடப்பது இன்னொன்று: வாட்ஸ்அப் குழுவில் வந்த சுட்டியைத் தொட்டு ஒரு பிரவுசரில் தொடங்குவார், ஆத் சர்வர் மின்னஞ்சலில் அனுப்பும் சுட்டி வேறு பிரவுசரில் திறக்கும். எங்கே தொடங்கினாரோ அங்கேயே முடிக்க வேண்டும் என்று லாகின் பெட்டியின் கீழே ஒரு வரி எழுதிவையுங்கள்.

லாகின் சரியாக நடக்கிறது, டோக்கனும் வருகிறது, ஆனால் அந்த டோக்கனோடு பயனரின் வேர்ட்பிரஸ் தளத்தில் பதிவிடும்போது 401 வருகிறது என்றால், அவருடைய அப்பாச்சி சர்வர் ஆதரைசேஷன் ஹெட்டரை பிஎச்பிக்குத் தராமல் விழுங்குகிறது. அவருடைய எச்டிஅக்சஸ் கோப்பில் செட்என்வ்இஃப் கட்டளையால் அந்த ஹெட்டரை எச்டிடிபி ஆதரைசேஷன் என்ற மாறிக்குக் கடத்தினால் சரியாகும்.

டொமைன் கைமாறினால்

புதுப்பிக்க மறந்து போன டொமைனை இன்னொருவர் வாங்கினால், நெறிமுறைப்படி அவர்தான் இப்போது அந்த ஆள். உங்கள் தளத்துக்கு வேறுபாடு தெரியாது. ஆகவே ஒருவர் ஆறு மாதமோ அதற்கு மேலோ நுழையாமல் இருந்து திரும்ப வந்தால், பழைய குறிப்புகளைத் திருத்தும் உரிமையை உடனே கொடுக்காமல் நிர்வாகி பார்த்து அனுமதிக்கும்படி வையுங்கள். நிர்வாகிகளுக்கு முகவரியோடு ஒரு பாஸ்கீயும் கட்டாயமாக்குங்கள். தானாகவே முகவரியை மாற்ற விரும்புபவருக்கு ஒரு பக்கம் கொடுங்கள். பழைய முகவரியால் நுழைந்திருக்கும்போதே புதிய முகவரியையும் அதே இண்டிஆத் வழியில் நிரூபிக்க வேண்டும். இரண்டும் ஒரே செஷனில் நிரூபணமானால் மட்டும் கணக்கு மாறட்டும். பழைய மீ-யை அழித்துவிடாமல் தேதியோடு பதிவில் வைத்திருங்கள். பத்து வருடம் கழித்து ஒரு கல்வெட்டு வாசிப்பைப் பற்றிக் கேள்வி வந்தால், அந்தக் குறிப்பு எழுதப்பட்ட நாளில் அந்த முகவரி யாருடையதாக இருந்தது என்று அந்தப் பதிவைப் பார்த்துத்தான் சொல்ல முடியும்.